கை கழுவுகிறவரைக் கைகழுவாதீர்கள்

டில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தோல் ஓபியில் கைவெடிப்பு சீசன். காய்ந்த காற்று, உப்புத் தண்ணீர், கீஸர் சூடு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று எல்லாம் சேர்ந்து அடிக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு, குளிர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்ததே இங்கே வரிசையில் நிற்கும் கைகள்தான். பெரும்பாலானவர்களுக்கு வாசலினும் கொஞ்ச நாள் களிம்பும் கையுறையும் போதும். மார்ச்சில் சரியாகிவிடும்.

அந்த வரிசையில் சிலருடைய கை மட்டும் வேறு மாதிரி இருக்கும். விரலிடுக்கு ஊறி வெளுத்திருக்கும். மணிக்கட்டுக்கு மேலே கோடு போட்டது போல சிவப்பு நின்றிருக்கும். கையை மேஜையில் வைக்கச் சொன்னால் தயங்குவார்கள். ஜூன் மாத வெயிலில் வந்தாலும் அதே கைதான். இவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "உங்க வீட்டில ஒரு சோப்பு எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு நாள்" என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் களிம்பின் பெயரை மாற்றி மாற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை அது.

ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? களிம்பு மாறும். அப்புறம் டாக்டர் மாறுவார். கடைசியில் ஒருவர், "உங்க தோல்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான், சைக்யாட்ரிஸ்ட்டைப் பாருங்க" என்று சீட்டைத் திருப்பித் தந்துவிடுவார். அந்த நோயாளி சைக்யாட்ரிஸ்ட்டிடம் போக மாட்டார். இன்னொரு தோல் டாக்டரிடம் போவார். அவர் கை கழுவுகிறார், நாம் அவரைக் கைகழுவுகிறோம்.

என் கட்சி இதுதான்: ஓசிடியும் அதன் சொந்தக்காரர்களும் தோல் டாக்டரின் பொறுப்பும்கூட. கண்டுபிடிப்பது நம் வேலை. ஆரம்ப சிகிச்சையும் முடிந்தவரை நம் அறையிலேயே தொடங்க வேண்டும். "இது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

யார் இந்தச் சொந்தக்காரர்கள்?

ஆபீஸில் மேஜையை ஒழுங்காக வைத்திருப்பவர் "ஐயாம் வெரி ஓசிடி யார்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஓசிடி இல்லை. ஒழுங்காக இருப்பதில் அவருக்கு சந்தோஷம் கிடைக்கிறது. ஓசிடியில் சந்தோஷத்துக்கு இடமே கிடையாது. வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும்: கை அழுக்கு, இந்த அழுக்கால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும். அபத்தம் என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். தெரிந்தும் கழுவாமல் இருக்க முடியாது. கழுவினால் ஐந்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடியும் அதே எண்ணம். தமிழில் இதற்கு 'எண்ணச் சுழற்சி நோய்' என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகவே வைத்திருக்கிறார். இங்கே ஹிந்திக்காரர்கள் 'வெஹம்' என்பார்கள். முஸ்லிம் குடும்பங்களில் 'வஸ்வாஸ்' என்பார்கள், தொழுகைக்கு முன் ஒளூ செய்து முடிக்கவே முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி. நம் பக்கத்தில் 'மடி, ஆசாரம்' என்று சொல்லி மூடிவிடுவோம். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு.

2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயம் கொடுத்தது. அதில் குடியேறிய மற்றவர்கள் யார் தெரியுமா? தன் முடியைத் தானே பிடுங்குவது, தன் தோலைத் தானே கிள்ளுவது, இல்லாத அல்லது கண்ணுக்கே தெரியாத அழகுக்குறையை நினைத்து மருகுவது, பொருள்களைச் சேர்த்துக் குவிப்பது. 2022ல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் பட்டியலும் இதே வழிதான். அது கூடுதலாக இன்னொருவரையும் சேர்த்தது: தன் உடம்பிலிருந்து நாற்றம் வீசுகிறது என்று நம்பி நாலு பேர் பக்கத்தில் உட்காரவே பயப்படுகிறவர்.

குவிப்பவரை விட்டுவிடுங்கள். கழுவுகிறவர், பிடுங்குகிறவர், கிள்ளுகிறவர், கண்ணாடி பார்க்கிறவர், நாற்றம் என்று நினைக்கிறவர், இந்த ஐந்து பேரும் முதலில் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? எங்கள் கதவைத்தான்.

சொல்லப்போனால் இவர்களில் சிலருக்குப் பெயர் வைத்ததே தோல் டாக்டர்கள்தான். 1875ல் தோல் கிள்ளுவதை நரம்புத் தளர்ச்சிப் புண் என்ற பொருளில் எழுதியவர் இங்கிலாந்தின் எராஸ்மஸ் வில்சன். 1889ல் தன் முடியைத் தானே பிடுங்கிய ஓர் இளைஞரைப் பார்த்து 'ட்ரைக்கோடில்லோமேனியா' என்று பெயர் சூட்டியவர் பிரான்சின் ஹாலோப்போ. இருவருமே தோல் மருத்துவர்கள். நாம் பெற்றுப் பெயர் வைத்த பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது என்ன நியாயம்?

புழுவெட்டு இல்லாத புழுவெட்டு

பத்து வயதுப் பெண் குழந்தை. உச்சந்தலையில் ஒரு பக்கம் முடி இல்லை. அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து 'புழுவெட்டு' என்று முடிவு செய்து சின்ன வெங்காயம் தேய்த்தாயிற்று. கேட்கவில்லை. மொட்டை போட்டாயிற்று. வளர்ந்தது, மறுபடி போயிற்று. சில இடங்களில் அந்தப் பிஞ்சுத் தலையில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருப்பார்கள்.

உண்மையான புழுவெட்டில் அந்த இடம் வழவழவென்று இருக்கும். பிடுங்கிய இடத்தில் அப்படி இருக்காது. ஒரு முடி அரை சென்டிமீட்டர், பக்கத்தில் இன்னொன்று ஒரு சென்டிமீட்டர் என்று குட்டையும் நெட்டையுமாக ஒடிந்து நிற்கும். தொட்டால் தாடி மாதிரி குத்தும். டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தால் நுனி பிளந்த முடியும் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். படர்தாமரைக் கிருமி தலையில் வந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் ரெண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்தது. வலக்கைப் பழக்கமுள்ள குழந்தையென்றால் வலப்பக்கம்தான் அதிகம் போயிருக்கும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிலர் பிடுங்கிய முடியைத் தின்னவும் செய்வார்கள். முடி செரிக்காது. வயிற்றில் பந்தாகச் சுருண்டு, சமயத்தில் வால் போல சிறுகுடல் வரை நீளும். 1968ல் இதற்கு 'ரபுன்ஸல் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். "சிறுமியின் வயிற்றில் முடிப்பந்து, டாக்டர்கள் சாதனை" என்று பேப்பரில் படம் போட்டு வருமே, அதேதான். சாதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை அதற்கு முன் முடி கொட்டுகிறது என்று எத்தனை பேரிடம் காட்டப்பட்டிருக்கும், "சாப்பிடுவியா கண்ணு?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

கிள்ளுகிறவர்கள் கதையும் இப்படித்தான். ஒரு சின்னப் பருவில் தொடங்கும். நகம், அப்புறம் ஹேர்பின், அப்புறம் ட்வீஸர். முகத்திலும் கையிலும் ஒன்று புதுப்புண், ஒன்று பொருக்கு, ஒன்று தழும்பு என்று எல்லா வயதிலும் புண் இருக்கும். முதுகின் நடுவில் கை எட்டாத இடம் மட்டும் பளிச்சென்று தப்பித்திருக்கும். நம்முடைய மாநிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் போகாது. அந்தக் கறுப்பைப் போக்க ஒரு கிரீம், கெமிக்கல் பீல், லேசர். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ராத்திரி கண்ணாடி முன் நின்று மறுபடி கிள்ளிக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெட்கம். "எனக்கே தெரியுது டாக்டர், ஆனா கை தானா போகுது" என்பார்கள், கேட்டால் மட்டும்.

ஏன் எங்களிடம் வருகிறார்கள்?

தோல் டாக்டரிடம் போவதில் அவமானம் கிடையாது என்பதால்தான்.

ஊரில் ஒருவனைக் கிண்டலடிக்க 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்போம். இங்கே 'ஆக்ரா அனுப்பு', 'ராஞ்சி கேஸ்' என்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், அவமானம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். மனநல மருத்துவரின் லெட்டர்ஹெட் வீட்டில் கிடந்தாலே பயப்படும் பெற்றோர்களைத் தமிழ்க் குடும்பத்திலும் பார்க்கிறேன், பஞ்சாபிக் குடும்பத்திலும் பார்க்கிறேன். அந்த விஷயத்தில் தேசிய ஒருமைப்பாடு பூரணமாக இருக்கிறது :-)

2015-16ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு சிகிச்சை கிடைக்கவில்லை. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆக, "சைக்யாட்ரிஸ்ட்டைப் பாருங்க" என்று ஒற்றை வரியில் சொல்வது பெரும்பாலானவர்களுக்கு "எங்கேயும் போகாதீங்க" என்று சொல்வதற்குச் சமம். அவர்கள் திறக்கத் துணிந்த ஒரே கதவு தோல் ஓபி. அதை நாமே சாத்தினால் அப்புறம் எங்கே போவார்கள்?

சக டாக்டர்கள் சொல்லும் காரணங்கள்

இதைப் பற்றிப் பேசினால் மூன்று பதில் தவறாமல் வரும்.

ஒன்று: "நேரமில்லை." வாஸ்தவம்தான். சர்க்கார் ஓபியில் ஒருவருக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. ஆனால் சோப்புக் கேள்விக்குப் பத்து செகண்ட் போதும். "சில பேருக்குப் புண்ணைப் பார்த்தா கை தானா போகும், உங்களுக்கும் அப்படி உண்டா?" இதற்குப் பத்து செகண்ட். "இந்தத் தழும்பை நினைச்சுக்கிட்டே ஒரு நாள்ல எவ்வளவு நேரம் போகுது? இதனால வேலைக்கோ கல்யாணம் காட்சிக்கோ போகாம இருந்திருக்கீங்களா?" இன்னொரு பதினைந்து. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. கேட்காமல் விட்டால் அதே ஆள் ஏழெட்டு முறை வருவார். அந்த நேரக்கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு: "எனக்கு அந்த மருந்துகள் பழக்கமில்லை." இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதுகிறோம், ஈரலைக் கண்காணிக்கிறோம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எழுதுகிறோம், கர்ப்பம் ஆகக்கூடாது என்று பத்து முறை எச்சரிக்கிறோம். அரிப்புக்கு டாக்ஸெபின், அக்கி வந்து போன வலிக்கு அமிட்ரிப்டிலின் என்று தினமும் எழுதுகிறோம். அவை இரண்டும் பிறந்ததே மனச்சோர்வு மருந்துகளாகத்தான்! அதையெல்லாம் கை நடுங்காமல் எழுதுகிறவருக்கு ஃப்ளூவாக்ஸெடின் என்றதும் மட்டும் ஏன் நடுக்கம்?

தெரிந்துகொள்ள வேண்டியது மலையளவு இல்லை. ஓசிடிக்கும் அழகுக்குறை மயக்கத்துக்கும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின் வகை மருந்துகள் வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாக நிலை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிடுங்குவதிலும் கிள்ளுவதிலும் இந்த மருந்துகளின் பலன் சுமார்தான். அங்கே முதல் வைத்தியம் பழக்கத்தை மாற்றும் பயிற்சி. 1973ல் அஸ்ரின், நன் என்ற இருவர் எழுதிவைத்தது. கை எப்போது போகிறது என்று கவனிப்பது, போகும் கணத்தில் முஷ்டியை மூடிக்கொள்வது அல்லது கைக்கு வேறு வேலை கொடுப்பது. சளி கரைக்கத் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரைகூட உதவும். ஜான் கிராண்ட் குழுவினர் 2009ல் முடி பிடுங்குகிற பெரியவர்களிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம்தான். 2016ல் தோல் கிள்ளுகிறவர்களிடம் செய்த ஆய்வில் 47க்கு 19. குழந்தைகளிடம் 2013ல் செய்து பார்த்ததில் பலனில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருப்பவர், குழந்தைகள், கர்ப்பிணிகள், மூன்று மாதத்தில் அசையாத நோய், இவர்களை நிச்சயம் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். "உடம்பில் பூச்சி ஊர்கிறது" என்று நம்பிக்கையோடு செதில்களைப் பொட்டலம் கட்டி (இப்போது மொபைலில் படமெடுத்து) கொண்டுவருகிறவரையும்தான். அது வேறு குடும்பம். அதற்கு ரிஸ்பெரிடோன் போன்ற வேறு வகை மருந்து வேண்டும்.

மூன்று: "சொன்னா பேஷண்ட் கோபிச்சுக்குவார்." எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. "எல்லாம் உங்க மனசுதான்" என்றால் எனக்கே கோபம் வரும். நான் சொல்வது இவ்வளவுதான்: "புண் நிஜம், அதுக்கு நான் மருந்து தர்றேன், தொடர்ந்து பார்க்கிறேன். கை நிக்கலேன்னா புண் ஆறாது. கையை நிறுத்தறதுக்கும் வைத்தியம் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பண்ணலாமா?" பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள். சிலர் அழுவார்கள். இதற்கு ஒரு பெயர் உண்டு, மற்றவர்களுக்கும் இருக்கிறது என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிய வருகிறது.

வாய் திறந்து சொல்லாத நாலாவது காரணம்

காசு.

அழகுக்குறை மயக்கம் என்று நான் சொல்வதை ஆங்கிலத்தில் 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஃபிலிப்ஸும் குழுவினரும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், தோல் மருத்துவமனைக்கு வந்த 268 பேரைக் கேட்டதில் கிட்டத்தட்ட 12 சதவீதம் பேருக்கு இது இருக்க வாய்ப்பு தெரிந்தது. எட்டுப் பேரில் ஒருவர்! பொது ஜனங்களில் இது சுமார் 2 சதவீதம்தான்.

இவர்கள்தான் அழகு கிளினிக்கின் கனவு வாடிக்கையாளர்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்கு லேசர், தெரியாத கருவளையத்துக்கு ஃபில்லர், கொட்டாத முடிக்கு பிஆர்பி ஊசி. டில்லி மெட்ரோவில் ஏறினால் விளம்பரம், இறங்கினால் விளம்பரம், இஎம்ஐ வசதி உண்டு. 2020ல் பிரபலமான கிரீம் டப்பாவிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர் மனசில் எந்தப் பெயரும் மாறவில்லை. போதாததற்கு ஃபோனில் ஃபில்டர். அதில் தெரியும் தன் முகத்தையே காட்டி "இப்படிப் பண்ணுங்க" என்று வருகிறார்கள்.

இவர்களுக்குச் செய்யும் எந்த அழகு சிகிச்சையும் அநேகமாகத் திருப்தி தராது. ஒன்று சரியானால் மனசு அடுத்ததற்குத் தாவும், அல்லது "முன்னைவிட மோசமாக்கிட்டீங்க" என்று சண்டை வரும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது, கிட்டத்தட்ட நாலில் ஒருவர் முயன்றிருக்கிறார் என்று ஃபிலிப்ஸின் ஆய்வுகள் சொல்கின்றன. "சின்னப் பருவுக்கு இவ்வளவு அலட்டலா" என்று நாம் சிரித்து அனுப்புகிறவர் இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ஆகவே, எட்டில் ஒருவருக்கு லேசர் செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம். அன்றைய பில் போகும், போகட்டும். கேள்வி கேட்காமல் கருவியைக் கையில் எடுப்பதை நான் மருத்துவமாக நினைக்கவில்லை.

எதிர்ப்பக்க ஆபத்து

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்லாவிட்டால் அநியாயம். எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டுவதும் அயோக்கியத்தனம்தான். அதிலும் பெண்கள் அரிப்பு என்று வந்தால் "டென்ஷன்" என்று எழுதுவது நம் நாட்டுப் பழக்கம். சிரங்கு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், சில சமயம் ரத்தப் புற்றுநோய்கூட வெறும் அரிப்பாகத் தலைகாட்டும். முதலில் இவற்றைப் பார்த்து முடிக்க வேண்டும். நோய் தெரியவில்லை என்பதாலேயே ஓசிடி ஆகிவிடாது. வேண்டாத எண்ணமும் நிறுத்த முடியாத செய்கையும் அதில் வீணாகும் நேரமும் வாழ்க்கையும் இருந்தால்தான் அந்தப் பெயர்.

தோலையும் மனசையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் பார்த்தால்தான் இரண்டு பக்கத் தப்பும் குறையும். அதனால்தான் சொல்கிறேன், இது தோல் ஓபியிலேயே நடக்கட்டும். பெரிய கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு மெடிக்கல் காலேஜிலும் மனநலத்துறையிலிருந்து ஒருவர், டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ, வாரத்துக்கு ஒரு மதியம் தோல் ஓபியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். கதவில் 'தோல் பிரிவு' என்ற போர்டு மட்டும் இருக்கட்டும். தோல் மேற்படிப்பு மாணவர்கள் கொஞ்ச நாளாவது மனநலப் பிரிவில் வேலை பார்க்கட்டும். நான் எம்பிபிஎஸ் படித்த காலத்தில் மனநலத்துக்குக் கிடைத்தது இரண்டே வாரம். அதில் பாதி கேன்டீனில் போனது எல்லோருக்கும் தெரியும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் சிகிச்சையும் காப்பீடும் தரச் சொல்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்கு அதைச் சொன்னது. உங்கள் பாலிசியை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

டாக்டர்களைத் திட்டியாயிற்று, இப்போது உங்களிடம் நாலு வார்த்தை.

கழுவுகிறவரோடு சேர்ந்து நீங்களும் கழுவாதீர்கள். "சுத்தமாத்தான் இருக்கு" என்று நூறு தடவை உறுதி சொல்லாதீர்கள். அந்த உறுதியும் அவருக்கு இன்னொரு சோப்பு மாதிரிதான், ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிடும். அதற்காகக் குழாயைப் பூட்டி, திட்டி, சண்டை போடவும் கூடாது. தொட்டுவிட்டுக் கழுவாமல் பொறுக்கும் பயிற்சி என்று முறையான வைத்தியம் இருக்கிறது. சின்னதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது அது. சொல்லிக்கொடுப்பவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

பிடுங்குகிற பிள்ளையின் கையைக் கட்டாதீர்கள், அடிக்காதீர்கள், சொந்தக்காரர் முன்னால் கேலி செய்யாதீர்கள். வேண்டுமென்று செய்வதில்லை அது. எப்போது கை போகிறது (டிவி பார்க்கும்போதா, பரீட்சைக்குப் படிக்கும்போதா, தூங்கப்போகும்போதா?) என்று அமைதியாகக் கவனித்து எழுதி வையுங்கள். டாக்டருக்கு அதைவிட உபயோகமான ரிப்போர்ட் எந்த லேபிலும் கிடைக்காது.

தோல் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். "நானே கிள்ளுறேன் டாக்டர், நிறுத்த முடியல." இந்த ஒரு வாக்கியம் உங்களுக்குப் பல ஆயிரம் ரூபாயையும் சில வருஷங்களையும் மிச்சப்படுத்தும். அதைக் கேட்டு அவர் சிரித்தால் டாக்டரை மாற்றுங்கள்.

பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் இருக்கிறது. எண் 14416, காசில்லை, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூப்பிடுங்கள், கூட ஒருவர் இருங்கள்.

டிஸ்கி 1: மேலே வரும் நோயாளிகள் யாரும் ஒரு தனி ஆள் இல்லை. பலரைக் கலந்து, அடையாளம் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

டிஸ்கி 2: மருந்துப் பெயர்களைப் பார்த்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். அளவும் காலமும் ஆளுக்கு ஆள் மாறும், ஆரம்பித்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சோப்புக் கணக்கை மட்டும் வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ப்ரிஸ்க்ரிப்ஷன் தேவையில்லை :-)